பன்னிரண்டு அடித் தொய்வு

மிதக்கும் கலைக்கூடக் குழுவின் முதல் கூட்டத்துக்கு வந்திருந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்திருந்த இடங்களும் வருமாறு: மேசையின் தலைப்பக்கம், ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி தலைவர். அவருக்கு வலப்பக்கம் தணிக்கை அதிகாரி. இடப்பக்கம் ஆற்று அலுவலகத்தின் அதிகாரி. ஜன்னல் வழியே ஆறு தெரிகிற நாற்காலி அவருடையது, வெயில் கண்ணைக் கூசுகிறது என்று திரையை இழுத்துவிட்டிருந்தார். தலைவருக்கு நேர் எதிரே கலை ஆலோசகர், மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி. சுவரோரம் தனி மேசையில் எழுத்தர். கதவுக்கும் தூணுக்கும் இடையில், ஒரு முக்காலியில், மற்றும் ஒருவர்.

அந்த மற்றும் ஒருவர்தான் கலைக்கூடத்தை வரைய வேண்டியவர். உறுப்பினர் அல்லாதவர்களின் பெயரைக் கூட்டக் குறிப்பில் எழுத விதியில் இடமில்லை. அதனால் பதினோரு மாதங்களில் நடந்த பதின்மூன்று கூட்டங்களுக்கும் அவர் மற்றும் ஒருவராகவே வந்து, மற்றும் ஒருவராகவே வீடு திரும்பினார். தூண் மறைத்தது போக அவருக்குத் தலைவரின் வலது காது மட்டும் தெரியும். காது சிவந்தால் தலைவர் பேசப் போகிறார் என்று புரிந்துகொள்ள அவருக்கு மூன்று கூட்டம் பிடித்தது.

முப்பத்தெட்டு வருடம் படகுப் பட்டறையில் உட்கார்ந்து படம் போட்டவர் அவர். சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு ஸ்கேல் தலையை நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் பட்டறை முதல் ஆற்றங்கரை வரை எல்லோருக்கும் அவர் 'ஸ்கேல்'. ஓய்வு பெற்ற மறு வருடம் மனைவி போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு இரண்டு வருடமாக, பேச ஆளில்லாத வீட்டில் ஒரு மனிதன் என்னென்ன செய்யலாமோ அத்தனையும் செய்து பார்த்துவிட்டார். ஒழுகாத குழாய்க்கு வாஷர் மாற்றினார். பூட்டின கதவைத் திரும்பிவந்து இழுத்துப் பார்த்தார். செய்தித்தாளில் டெண்டர் அறிவிப்புகளைக்கூட ஒரு வரி விடாமல் படித்தார். அப்படிக் கண்ணில் பட்டதுதான் இந்த வேலை. விண்ணப்பித்தவர் அவர் ஒருவர்தான். வந்த விண்ணப்பங்களிலேயே சிறந்தது என்று குழு அதை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தது.

முதல் கூட்டத்தில் காது நன்றாகச் சிவந்தது.

"இந்த ஊருக்கு நான் ஒரு மிதக்கும் கலைக்கூடம் குடுக்கப் போறேன்," என்றார் தலைவர். "எனக்கு ஓவியத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாது. அதை நான் பெருமையா சொல்லிக்கிறேன். தெரிஞ்சவங்க கையில விட்டா இது நல்லாயிருக்கு, அது நல்லாயில்லைன்னு பாரபட்சம் வந்துடும். என்கிட்ட அந்தப் பேச்சுக்கே இடமில்ல."

எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். ஸ்கேலுக்குத் தட்ட மேசை எட்டவில்லை. தொடையில் தட்டிக்கொண்டார்.

அவர் வரைந்திருந்த கலைக்கூடம் மிக எளிமையானது. தட்டையான ஒரு மிதவை, அதன்மேல் பன்னிரண்டு சுவர்கள், ஒவ்வொரு சுவருக்கும் பக்கத்தில் தண்ணீரைப் பார்த்த ஒரு ஜன்னல். ஆற்றின் அடியில் பதித்த நான்கு பாறைக் கட்டைகளிலிருந்து மேலே வரும் நான்கு சங்கிலிகள் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். சங்கிலி ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு அடி தொய்வு. தண்ணீர் ஏறினால் மிதவை ஏறும், இறங்கினால் இறங்கும். வேறு சூட்சுமம் எதுவும் அதில் கிடையாது.

இது கட்டடமா, படகா என்று முடிவு செய்யவே மூன்று கூட்டங்கள் ஆயின. கட்டடம் என்றால் அஸ்திவாரம் எங்கே என்றார் தணிக்கை அதிகாரி. படகு என்றால் எந்த ஊருக்குப் போகிறது, எத்தனை மணிக்குத் திரும்பும் என்றார் ஆற்று அலுவலக அதிகாரி. கடைசியில் இரண்டுக்கும் உரிய எல்லா விதிகளும் இதற்குப் பொருந்தும் என்று தீர்மானம் ஆயிற்று.

கட்டடம் என்ற முறையில் அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. தலைவரின் பெயர் பொறித்த ஆளுயரக் கருங்கல்லை மிதவையின் இடது ஓரத்தில் இறக்கினார்கள். மிதவை சாய்ந்தது. விழாவுக்கு வந்திருந்தவர்கள் ஒரு பக்கமாகச் சரிந்து, அதே வாக்கில் நின்று கைதட்டினார்கள். சாய்வை நிமிர்த்த ஒரே வழி, வலது ஓரத்தில் அதே எடையில் இன்னொரு கல் வைப்பது என்றார் ஸ்கேல். அதிலும் தலைவரின் பெயரே பொறிக்கப்பட்டது, எதிர்க் கரையில் இருப்பவர்களும் மனிதர்கள்தானே என்ற காரணத்தால். மிதவை நேரானது, ஆனால் ஒரு அடி கீழே போயிற்று.

படகு என்ற முறையில் அதில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் மிதவைச் சட்டை வேண்டும். ஓவியங்களும் உள்ளே இருப்பதால் அவற்றுக்கும் வேண்டும் என்று விதியைப் படித்துக் காட்டினார்கள். செம்மஞ்சள் நிறச் சட்டைகள் வந்தன. பரிசோதனைக்காக ஒரு படத்துக்கு மாட்டிப் பார்த்ததில், சட்டை தெரிந்தது, படம் தெரியவில்லை. கலை ஆலோசகர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதுல ஒரு தேடல் இருக்கு," என்றார். குறிப்பில் ஏறிவிட்டது.

அந்த ஆற்றங்கரையில் பாதிப் பாலம் ஒன்று உண்டு. இந்தக் கரையிலிருந்து கிளம்பி ஆற்றின் நடுவில், சொல்ல வந்ததை மறந்தவர் மாதிரி நின்றுவிடும். அது நின்றதால்தான் படகுக்காரருக்குப் பிழைப்பு. இருபது வருடமாக அவர்தான் ஊரை அக்கரைக்கும் இக்கரைக்கும் கொண்டுபோய் விட்டார். கலைக்கூடத்துக்குப் படகுத்துறையை எடுத்துக்கொண்ட பிறகு, அவரைக் கலைக்கூடத்தின் காப்பாளராகக் குழு நியமித்திருந்தது.

கூட்டம் முடிந்த சாயங்காலங்களில் ஸ்கேல் நேரே படகுத்துறைக்குத்தான் போவார். வீட்டுக்குப் போனால் நடந்ததை யாரிடம் சொல்வது.

"என்ன ஸ்கேலு, இன்னைக்கு என்ன முடிவாச்சு? மிதக்குமா, மிதக்காதா?"

"வாக்கெடுப்பை ஒத்தி வச்சிருக்காங்க."

"தண்ணிக்கு ஓட்டு உண்டா?"

"தண்ணி உறுப்பினர் இல்லையாம்."

"அப்ப உங்க கட்சிதான்," என்று படகுக்காரர் ஒரு பீடியைப் பற்றவைத்தார்.

சுவர்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஒன்றில் தலைவரின் படம். ஆறில் பாதுகாப்பு விதிகள், கட்டடத்துக்கு மூன்று, படகுக்கு மூன்று, பெரிய எழுத்தில். இரண்டில் கூட்டக் குறிப்புகளின் அலமாரி. அலமாரியின் எடைக்காக எதிர்ப்புறம் இரண்டு சுவரில் இன்னொரு அலமாரி; அதில் வைக்க எதுவும் இல்லாததால் அதே குறிப்புகளின் நகல். ஜன்னல்கள் அடைபட்டன, வெளியே பார்க்கிறவர்கள் உள்ளே பார்க்க மாட்டார்கள் என்று. பதினோராவது கூட்டம் முடிந்தபோது ஒரே ஒரு சுவர் காலியாக இருந்தது. ஸ்கேல் எதற்கும் தகராறு செய்யவில்லை. சுவர் இல்லாவிட்டாலும் மிதவை மிதக்கும். அவர் மனசு ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. அந்த இடத்துக்குப் பன்னிரண்டாம் கூட்டத்தில் வந்தார்கள்.

தணிக்கை அதிகாரி நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். நான்கு சங்கிலிகளிலும் பன்னிரண்டு பன்னிரண்டு அடி, எந்த வேலையும் செய்யாமல் தண்ணீருக்குள் தொங்கிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்திருந்தார். ஆக நாற்பத்தெட்டு அடி பயன்பாட்டில் இல்லாத சங்கிலி. வெட்டி எடுத்துக் கிடங்கில் ஒப்படைக்க வேண்டும்.

முக்காலியிலிருந்து எழுந்து பேசலாமா என்று ஸ்கேல் கேட்டார். உறுப்பினர் அல்லாதவர் எழுந்து பேசக் கூடாது, உட்கார்ந்து பதில் சொல்லலாம் என்றார்கள். தூணைப் பார்த்தபடி சொன்னார்: தண்ணீர் ஏறும்போது சங்கிலியில் தொய்வு இல்லாவிட்டால் மிதவையால் மேலே வர முடியாது, சங்கிலி கீழே பிடித்துக்கொள்ளும், தண்ணீர் மேலே வந்து மூடும். மிதக்கிற பொருளை மூழ்கடிக்க அதைவிடச் சுலபமான வழி கிடையாது.

ஆறு ஏறுமா என்று தலைவர் ஆற்று அலுவலக அதிகாரியைக் கேட்டார். அதிகாரி பதிவேட்டைத் திறந்தார். ஆற்றில் நடப்பட்ட அளவுக் கம்பத்தைப் பார்த்து எழுதுகிறவரின் பணியிடம் பத்தொன்பது வருடமாகக் காலியாக இருந்தது. ஆனாலும் பதிவேடு ஒரு நாள்கூட விடுபடவில்லை. பத்தொன்பது வருடமும், ஒவ்வொரு நாளும், நீர்மட்டம் என்ற கட்டத்தில் ஒரே கையெழுத்தில் 'வழக்கம்போல்' என்று இருந்தது. அடிக்கல் நாட்டிய அன்று படகுத்துறையின் மேலிருந்து பதினெட்டாவது படியை ஆறு தொட்டுக்கொண்டிருந்தது. அதுவே அனுமதிக்கப்பட்ட நீர்மட்டம் என்று அன்றைக்கே தீர்மானமும் போட்டாயிற்று.

"அப்புறம் பன்னிரண்டு அடி எங்கேர்ந்து வந்துச்சு?" என்றார் தணிக்கை அதிகாரி.

"மூணு வருஷத்துக்கு முன்னால நான் முதல் படியில நின்னேன் சார். முழங்கால் வரைக்கும் தண்ணி."

"அந்த முழங்காலுக்கு ஆவணம் இருக்கா?"

ஸ்கேல் தம் முழங்காலைப் பார்த்தார். 'ஆவணம் இல்லாத முழங்கால்' என்று எழுத்தர் குறித்துக்கொண்ட சத்தம் கேட்டது.

தலைவரின் காது தீயாகச் சிவந்தது.

"ஒண்ணு புரிஞ்சுக்குங்க. தொய்வு வச்சா, ஆறு ஏறும்னு நாமளே ஒத்துக்கிட்டதா ஆகிடும். ஏறும்னு தெரிஞ்சும் ஏன் கட்டினீங்கன்னு நாளைக்கு ஒருத்தன் கேப்பான். தொய்வு இல்லைன்னா யாரும் கேக்க முடியாது. ஏறினா அது ஆத்தோட தப்பு. நான் பொறுப்புல இருக்கற இருபத்தாறு வருஷத்துல எது நடந்தாலும், அது என் தப்பா இருந்ததே இல்ல. அதுக்கு ஒரு உழைப்பு வேணும்."

மேசை அதிரத் தட்டினார்கள். சங்கிலி வெட்டுவதற்கு ஒரு தடைதான் இருந்தது. வரைபடத்தில் திருத்தம் செய்தால், வரைந்தவர் கையெழுத்துப் போட வேண்டும். ஸ்கேல் வீட்டில் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். வீட்டில் யோசிப்பது மட்டும் ஏராளமாக முடியும்.

பதின்மூன்றாம் கூட்டத்தில், வழக்கத்துக்கு மாறாக, அவருக்கும் ஒரு டீ வந்தது. ஓவியங்களைத் தேர்வு செய்ய வேண்டிய துணைக்குழு இன்னும் கூடவில்லை, திறப்பு விழாவுக்கு ஒரு மாதம்கூட இல்லை, அந்த ஒற்றைச் சுவர் காலியாகக் கிடக்கிறது என்று கலை ஆலோசகர் இழுத்துப் பேசினார். பிறகு தலைவர் பேசினார். இந்தத் தடவை அவர் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தியதால், ஸ்கேலுக்கு அவருடைய முகமே தெரிந்தது.

"உங்க சம்சாரம் படமெல்லாம் வரைவாங்களாமே. எழுத்தர் சொன்னார். அந்தச் சுவர் அவங்களுக்குத்தான். பேரு போட்டு, விளக்குப் போட்டு மாட்டிடலாம். நீங்க அந்தக் கையெழுத்தை மட்டும் போட்டுக் குடுத்துடுங்க."

ஸ்கேல் டீயைக் கீழே வைக்கப் போனார். வைக்க இடமில்லாமல் மறுபடி கையில் எடுத்துக்கொண்டார்.

அவள் வரைந்தது மொத்தம் இருபத்தாறு படங்கள். கடைசி இரண்டு வருடம் அவளால் மாடிப்படி இறங்க முடியவில்லை. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மாதம் பிறந்தால் முதல் தேதி, எதிரே தெரிந்த படகுத்துறையையும் ஆற்றையும் வரைவாள். காகிதம் என்று தனியாக வாங்கியதில்லை. அவர் பட்டறையிலிருந்து கொண்டுவந்த, கோடு பிசகிய வரைபடங்களின் பின்பக்கம்தான். முன்னால் ஆறு, பின்னால் அரைகுறைப் படகு. ஒன்றிலும் மனிதர்கள் இருக்க மாட்டார்கள். ஏன் என்று ஒரு தடவை கேட்டார். "ஆள வரைஞ்சா நம்மளத் திரும்பிப் பாக்கும். தண்ணி பாக்காது," என்றாள். யாரிடமும் காட்டியதில்லை. பார்க்க யாரும் வரவும் இல்லை.

இருபத்தைந்து படங்கள் அப்படி. இருபத்தாறாவது மட்டும் முதல் தேதியில் வரைந்ததில்லை. ஆறு ஏறிவந்த அன்றைக்கு, படகுக்காரரின் படகைக் கட்டியிருந்த கயிறு அறுந்துவிடுமோ என்று ஸ்கேல் குடையோடு இறங்கிப் போனார். பதினெட்டுப் படிகளும் காணோம். முதல் படியில் நின்றார். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. திரும்பி வந்து வேட்டியைப் பிழிந்துகொண்டு நிமிர்ந்தால், ஜன்னலோரப் பலகையில் ஈரம் காயாத படம். நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு ஆள், குடையோடு.

"என்னை எதுக்குப் போட்டே?"

"அளவுக்கு," என்றாள். "இல்லைன்னா எவ்வளவு தண்ணின்னு எப்படித் தெரியும்?"

அதற்குப் பிறகு வந்த முதல் தேதிக்கு அவள் இல்லை.

கூட்டம் முடிந்து வெளியே வரும்போது எழுத்தர் வராந்தாவில் பின்னாலேயே வந்தார். தாம் அந்தப் படங்களைப் பற்றிச் சொன்னது நல்லெண்ணத்தில்தான் என்றார். ஒரு தடவை கையெழுத்து வாங்க வீட்டுக்கு வந்தபோது சுவரில் பார்த்திருக்கிறார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சங்கிலி விஷயமா எழுதிக் குடுங்க சார். ஆனா வெறும் கடிதம் எழுதாதீங்க. வெறும் கடிதத்தைப் படிச்சுட்டுப் போட்டுடுவாங்க. இணைப்பு வைங்க. இணைப்பு வச்சா எல்லா உறுப்பினரும் ஒண்ணா உக்காந்து, ஒவ்வொரு இணைப்பையும் பாத்து, பேசி, சுருக்கொப்பம் போடணும். போட்டு முடியற வரைக்கும் அந்த வேலையில ஒரு ஆணியைக்கூடப் பிடுங்க முடியாது. அதோ அந்தப் பாலம் எத்தனை இணைப்புல நிக்குதுன்னு நினைக்கிறீங்க? மூணு."

"இணைப்பைத் திருப்பிக் குடுப்பாங்களா?"

எழுத்தர் அவரைச் சின்னப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "ஓட்டை போட்டுக் கோப்புல கோத்துட்டா அது கோப்பு சார். அப்புறம் அது யாரோடதும் இல்ல."

ஸ்கேல் படகுத்துறைக்கு நடந்தார். படகுக்காரர் தலையில் புதுத் தொப்பியோடு நின்றிருந்தார். 'காப்பாளர்' என்று எழுதியிருந்தது. இருபது வருடமாகப் படகிலேயே முடங்கித் தூங்கியவர், தமக்கென்று ஓர் அறை வந்திருப்பதை ஸ்கேலுக்குக் காட்டியே ஆக வேண்டும் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மிதவையின் வயிற்றுப் பகுதியில், நீர்மட்டத்துக்குக் கீழே, நாலு படி இறங்கி ஓர் அறை. ஒரு கட்டில், ஒரு பலகை, தட்டு அளவுக்கு ஒரு வட்டக் கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் பச்சைத் தண்ணீர்.

"மீன் வந்து மூஞ்சியைப் பாத்துட்டுப் போகுது ஸ்கேலு. நம்ம மூஞ்சிக்கு இதுவரைக்கும் யாரு அப்படி வந்து பாத்தா?"

ஸ்கேல் கதவைப் பார்த்தார். உள்ளே தாழ்ப்பாள் இல்லை. அவர் வரைந்த கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருந்தது.

"பூட்டு வெளியிலேர்ந்துதான்," என்றார் படகுக்காரர். "காப்பாளர் ராத்திரி உள்ள இருக்காரான்னு உறுதி செய்யணுமாம். சாயங்காலம் ஆறு மணிக்குப் பூட்டிட்டுச் சாவியை ஆபீசுக்குக் கொண்டுபோயிடுவாங்க. நானும் இருப்புப் பட்டியல்ல ஏறிட்டேன், கட்டிலுக்கு அடுத்த வரி."

ஸ்கேல் கட்டிலில் உட்கார்ந்தார். சங்கிலி விவரத்தை முழுசாகச் சொன்னார். வெட்டினால் என்ன ஆகும், மழைக்காலத்தில் ஒரே நாளில் ஆறு எவ்வளவு ஏறும், இந்த அறைக்கு முதலில் எந்த வழியாகத் தண்ணீர் வரும் எல்லாவற்றையும், ஸ்கேலைக் கையில் பிடித்துக்கொண்டு காட்டினார். படகுக்காரர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அக்கா படத்தை மாட்டப் போறதா காலையிலயே எழுத்தர் சொன்னாரே," என்றார் கடைசியில்.

"கையெழுத்துப் போட்டா மாட்டுவாங்க."

"போட்டுடுங்க ஸ்கேலு. அக்கா எவ்வளவு நாளா அந்த ஜன்னல்லயே உக்காந்திருந்துச்சு. நாலு பேரு பாக்கட்டும். மழை வந்தா நான் எங்கயாவது வெளிய படுத்துக்கறேன்."

"வெளியிலேர்ந்து பூட்டுவாங்கன்னு இப்பதானே சொன்னே."

"ஆமால்ல," என்றார் படகுக்காரர். தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல ரூம்பு."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் வட்டக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீன் எதுவும் வரவில்லை.

மறுநாள் காலையில் ஸ்கேல் சாப்பாட்டு மேசையைத் துடைத்துக் காயவிட்டு, சுவரிலிருந்து இருபத்தாறு படங்களையும் இறக்கினார். தேதி வாரியாக அடுக்கினார். இணைப்பு ஒன்று, இணைப்பு இரண்டு என்று பென்சிலால் ஓரத்தில் எழுதினார். ஒவ்வொன்றிலும் தண்ணீர் எத்தனையாவது படியில் நிற்கிறது என்று எண்ணினார். அவள் ஒரு படியைக்கூட ஏமாற்றியிருக்கவில்லை. ஆற்று அலுவலகம் 'வழக்கம்போல்' என்று எழுதிய இருபத்தைந்து முதல் தேதிகளிலும் ஆறு எங்கே இருந்தது என்பதற்கு அந்த ஊரில் இருந்த ஒரே பதிவேடு அதுதான் என்பது, அவ்வளவு நாள் அதே சுவரைப் பார்த்துச் சாப்பிட்டவருக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆபீசில் விட்டால் துளை போடுகிறவர் கை போன இடத்தில் போடுவார். படியிலும் போடுவார், தண்ணீரிலும் போடுவார். அதனால் கடைக்குப் போய்த் துளையிடும் கருவி ஒன்று வாங்கிவந்தார். ஒவ்வொரு படத்திலும் வானம் மட்டும் இருக்கிற மூலையாகப் பார்த்து, ஸ்கேலை வைத்து அளந்து, ஒரே ஒரு துளை போட்டார். இருபத்தாறு சின்ன வட்டங்கள் மேசையில் விழுந்தன, ஒரு பக்கம் மங்கலான நீலம், மறுபக்கம் படகின் கோடு. ஊதித் தள்ளப் போனவர், நிறுத்தி, அவற்றைக் கூட்டி ஒரு தீப்பெட்டியில் போட்டு மூடினார். அதை இணைப்பில் சேர்க்கச் சொல்லி விதி எதுவும் இல்லை.

பிறகு கடிதம் எழுதினார்.

'அனுப்புநர்: மற்றும் ஒருவர், கதவுக்கும் தூணுக்கும் இடையில் உள்ள முக்காலி. பெறுநர்: தலைவர் அவர்கள். பொருள்: சங்கிலியில் பன்னிரண்டு அடித் தொய்வு, ஆவணம் சமர்ப்பித்தல் குறித்து. பார்வை: பன்னிரண்டாம் கூட்டக் குறிப்பு, ஆவணம் இல்லாத முழங்கால்.

ஐயா, வணக்கம். மேற்படி முழங்காலுக்கான ஆவணம் கிடைத்துவிட்டது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். படகுத்துறையின் படி ஒன்றின் உயரம் ஏழு அங்குலம். தாங்கள் அனுமதித்த நீர்மட்டமான பதினெட்டாவது படியிலிருந்து முதல் படிவரை ஒன்பது அடி பதினோரு அங்குலம். இணைப்பு இருபத்தாறில் குடையுடன் முதல் படியில் நிற்பவர் நான்தான் என்றும், அதில் நனைந்திருக்கும் முழங்கால்கள் என்னுடையவைதான் என்றும் சான்றளிக்கிறேன். அவை தரையிலிருந்து பதினேழு அங்குலம். தேவைப்பட்டால் எந்த வேலை நாளிலும் நேரில் அளந்துகொள்ளலாம். ஆக மொத்தம் பதினோரு அடி நாலு அங்குலம். மீதி எட்டு அங்குலம் ஆற்றுக்கு மரியாதையாக விட்டது.

திருத்திய வரைபடத்தில் நான் கையெழுத்திடவில்லை. காப்பாளர் அறைக் கதவின் தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்க வேண்டும்.

இணைப்புகள் இருபத்தாறு. அனைத்தையும் வரைந்தவர் என் மனைவி. அவர் பார்த்ததைத்தான் வரைந்திருக்கிறார். உறுப்பினர்கள் ஒவ்வொன்றையும் விதிப்படி ஒன்றாக உட்கார்ந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பார்க்கும்போது, திரையை விலக்கி ஜன்னலையும் ஒரு தடவை பார்த்தால் ஒப்பிட வசதியாக இருக்கும்.'

கையெழுத்துப் போட்டார். பதினோரு மாதத்தில் முதல் தடவையாக முழுப் பெயரை எழுதினார், கொஞ்சம் கோணியது.

இருபத்தைந்து படங்களையும் நாடாவில் கோத்தார். இருபத்தாறாவதைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். வெளியே ஆறு பதினாறாவது படியில் இருந்தது. குடை பிடித்த ஆளுக்கு முகம் கிடையாது. ஆனால் சட்டைப் பையில் தூரிகை நுனியால் ஒரு சின்ன வெள்ளைக் கோடு இருந்தது. மூன்று வருடமாகப் பார்த்தும் அது கண்ணில் படவில்லை. ஸ்கேல். அவ்வளவு மழையில், அவ்வளவு தூரத்திலிருந்து அதைப் பார்த்திருக்கிறாள்.

திரும்பி வந்து அதையும் கோத்தார். தேதிப்படி அது கடைசி. மூன்று இணைப்பில் பாலம் பாதியில் நிற்கிறது என்றால், அவர்கள் இந்தக் குடை பிடித்த ஆளிடம் வந்து சேர இன்னும் எத்தனையோ வருடம் ஆகும். அதுவரை மாதம் ஒருமுறையாவது நாலு பெரிய மனிதர்கள் அவளுடைய ஆற்றின் முன்னால் உட்கார்ந்தே ஆக வேண்டும். எந்தக் கலைக்கூடத்தாலும் யாரையும் அப்படி உட்கார வைக்க முடியாது.

உறையில் போட்டுப் பசை தடவி, மெழுகுவத்தியில் அரக்கை உருக்கி, மூன்று இடத்தில் சொட்டினார். இறுகும்வரை காத்திருந்து, மூன்றையும் ஸ்கேலின் முனையால் தட்டிப் பார்த்தார்.

தபால் பிரிவு மூட இன்னும் கால் மணி நேரம் இருந்தது. ஜன்னலுக்குப் பின்னால் எழுத்தர்தான் உட்கார்ந்திருந்தார். அந்தப் பிரிவின் பணியிடமும் காலி. உறையை இரண்டு கையாலும் வாங்கித் தூக்கிப் பார்த்தார்.

"கனமா இருக்கே சார். உள்ள என்ன?"

"தண்ணிதான்," என்றார் ஸ்கேல். "அளவுக்கு ஒரு ஆளும் இருக்கான்."

எழுத்தர் தபால் பதிவேட்டைத் திறந்தார். இணைப்புகள் எத்தனை என்ற கட்டத்தில் இருபத்தாறு என்று எழுதி, அதன் கீழே ஒரு கோடு இழுத்தார். பிறகு முத்திரையை மையில் அழுத்தி, உறையின்மேல் ஓங்கி ஒரு குத்துக் குத்தி, தலைவருக்குப் போகிற தட்டில் போட்டார்.